வைன் கிடங்குகளில் ஒரு குடியாத மனுசன்

ஜெர்மனியிலிருந்து அண்ணர் பலெர்மோவுக்கு வருகிறார் என்றதும் தங்கச்சியைப் பார்க்கத்தான் வருகிறார் என்று நான் நினைத்துவிட்டேன். சென்ட்ராலே ரெயில் ஸ்டேசனில் இறங்கி, பெட்டியை என் மனுசன் கையில் கொடுத்துவிட்டு, என்னைச் சுகம் விசாரிக்க முன்னமே அவர் கேட்டது இதுதான்: "மச்சான், மலையிலை ஒரு பழைய ஊர் இருக்காமே, வீட்டுக்கு வீடு வைன் கிடங்காம். எப்ப போவம்?"

அண்ணர் ஜெர்மனியில் ஒரு ரெஸ்ற்றோரண்டில் கோப்பை கழுவப் போனவர். இப்போது சமையலுக்கு ஏறிவிட்டார். வைனைப் பற்றி எடுத்தால் பூசையில் சுவாமியாரின் பிரசங்கத்தைவிட நீளமாகப் போகும்.

"இவர் குடிக்கிறேல்லை எண்டு நேர்த்தியிலை இருக்கிறார் எண்டு உங்களுக்குத் தெரியாதே, அண்ணை?" என்று நான் அந்த இடத்திலேயே கதையை முடிக்கப் பார்த்தேன். இவர் பெட்டியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, "வியாழக்கிழமை போவம்" என்றார். எனக்கு விசர் பிடித்தது.

எங்கள் மகள் அப்போது மன்னாரில் என் அக்காவோடு இருந்தாள். சண்டை வந்து, ஊரைவிட்டு, மடு மாதா கோயிலடியில் கொட்டில் போட்டு இருந்தார்கள். பாதை எப்போது திறப்பார்கள், எப்போது பூட்டுவார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. கடைசியாக வந்த கடிதத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் ஒரு சேதியும் இல்லை. பிள்ளை இஞ்சை வந்து சேரும்வரை ஒரு துளி தொடுவதில்லை என்று இவர் மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்திருந்தார். அதற்கு முந்தி நன்றாகவே குடித்த மனுசன். இவர் ஒரு மிடறு குடித்தால் பிள்ளை வரமாட்டாள் என்று நான் நம்பினேன். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

வியாழன் பின்னேரம் வீட்டு வேலைக்காரர் எல்லாருக்கும் லீவு. அதிலும் நான் வேலை செய்கிற வீட்டுச் சினியோரா நாலு திரைச்சீலையை இஸ்திரி போட வைத்துத்தான் என்னை விட்டார். போர்கோ வெக்கியோவில் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தால் அண்ணர் கால்சாப் பகுதியில் ஒரு சிநேகிதனிடம் இரவல் வாங்கிய காரோடு கீழே நின்று ஹோர்ன் அடிக்கிறார். உடுப்புக்கூட மாற்றாமல் ஏறினேன். எனக்கு வைன் பார்க்க என்ன ஆசை? காவலுக்குப் போனேன்.

அது நவம்பர், சான் மார்த்தீனோ திருநாள் வருகிற வாரம். புது வைனை அந்தக் கிழமைதான் திறப்பார்கள். கிடங்குக்காரர்கள் கதவைத் திறந்து வைத்துவிட்டு, வருகிற போகிறவனை எல்லாம் கூப்பிட்டு ஒரு கிளாஸ் கொடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்கிறவனை அந்த ஊர் கண்டதே இல்லை. அந்த ஊருக்குத்தான் நாங்கள் ஒரு குடியாத மனுசனைக் கூட்டிக்கொண்டு போனோம்.

முதல் கிடங்கு ஒரு பழைய வீட்டின் அடியில். கல்படி இறங்கிப் போனால் ஆளைவிட உயரமான மரப்பீப்பாய்கள், ஈரச் சுவர், மூக்கை அடைக்கிற புளித்த மணம். முதலாளி ஒவ்வொரு பீப்பாயாகத் தட்டிக் காட்டினார். அண்ணர் தலையாட்டினார். இவரோ எனக்கே தெரியாத இத்தாலியனில் கேள்விமேல் கேள்வி. எந்த முந்திரிகைப் பழம், எத்தனை நாள் புளிக்கும், ஏன் இந்த நிறம். பிறகு கிளாஸ் வந்தது. "நோ, கிராட்சியே" என்று மறுத்தார் இவர். முதலாளி தன் வயிற்றைத் தடவிக் காட்டி, வருத்தமோ என்று கேட்டார். இல்லையாம். அப்படியென்றால் இதையாவது சாப்பிடு என்று ஒரு பிஸ்கட்டை நீட்டினார். அந்தத் திருநாளுக்கென்று சுடுகிற பிஸ்கட், கல்லுமாதிரி இருக்கும், வைனில் தோய்த்துத்தான் தின்பது. இவர் தோய்க்காமல் கடித்தார். அந்தச் சத்தம் கிடங்கு முழுக்கக் கேட்டது. எனக்கு மானம் போனது.

இரண்டாவது கிடங்கில் ஒரு வயதான அம்மா. அவர் ஊற்றிக் கொடுத்த கிளாஸை இவர் வாங்கி, மூக்கடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் மணந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அந்த அம்மாவின் முகம் கறுத்துப் போனது. தன்னுடைய வைன் பழுது என்று சொல்லாமல் சொல்கிறான் என்று நினைத்திருப்பார். நான் இவரின் முழங்கையில் கிள்ளினேன்.

"விடு தங்கச்சி, ஒரு வாய்தானே," என்றார் அண்ணர். "மாதா கேட்டுத்தானே அவவின்ரை மகன் தண்ணியை வைனாக்கினவர். அவ கோவிப்பாவே?"

"அண்ணை, வாயைப் பொத்துங்கோ."

மூன்றாவதில் இவர் தானாகவே கையை நீட்டிக் கிளாஸை வாங்கினார். முதலாளி தன் தகப்பன் காலத்துக் கதை, அவருடைய தகப்பன் காலத்துக் கதை எல்லாம் சொல்லி முடிக்கும்வரை அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். நெற்றியில் வேர்வை. கிளாஸ் வாய்க்கு வரும், திரும்பிப் போகும். நான் கண்ணுக்குள் எண்ணெய் விட்டுக்கொண்டு நின்றேன். அடுத்த முறை அது உதட்டுக்குக் கிட்டப் போனபோது பாய்ந்து பறித்தேன். பாதி வைன் என் வெள்ளைச் சுவெற்றரில். முதலாளி ஆவென்று பார்த்தார். "காணும், வீட்டை போவம்!" என்று நான் போட்ட சத்தம் மேலே தெருவுக்கும் கேட்டிருக்கும்.

கோயிலுக்குப் பக்கத்தில் இன்னும் ஒன்று இருக்கிறது, ஊரிலேயே பழையது, அதுதான் நல்லது என்று அண்ணர் முணுமுணுத்தார். இரண்டு பேரையும் காருக்குள் தள்ளிக் கதவை அடித்துச் சாத்தினேன்.

முதல் வளைவு வரமுன்னமே தொடங்கிவிட்டேன். "இஞ்சேருங்கோ, உங்களுக்கு அறிவிருக்கே? குடியாதவன் ஏன் கிடங்கு கிடங்கா ஏறி இறங்க வேணும்? பிள்ளையை நினைச்சனீங்களே? அவள் அங்கை கொட்டிலுக்கை கிடக்கிறாள், நீங்கள் இஞ்சை மணந்து மணந்து நிக்கிறியள்!"

இவர் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பிள்ளையை நினைச்சுத்தான் வந்தனான். முதல்லை குடியாமல் இருக்கிறது பெரிய பாடாயிருந்தது. இரவிலை நித்திரை இல்லை, உமக்குத் தெரியும்தானே. இப்ப அது லேசாப் போச்சு. ஆசையே வாறேல்லை. ஆசை இல்லாததை விட்டுப்போட்டு, மாதாவிட்டை எப்பிடிப் பிள்ளையைக் கேக்கிறது? அதுதான் அவள் இன்னும் வரேல்லையாக்கும் எண்டு நினைச்சன். திரும்பவும் கஷ்டப்பட்டு விடவேணும் எண்டு வந்தனான்."

அண்ணர் காரை ஓரம் கட்டினார்.

என் கோபம் போகவில்லை. இவரில் கோபம், பாதையைப் பூட்டி வைத்திருக்கிறவர்களில் கோபம், இன்னும் எவ்வளவுதான் வேணும் என்று மாதாவிலும் கோபம். இவரின் கையைப் பிடித்தேன். இவரின் கண் இன்னும் என் சுவெற்றரில் ஊறிய வைன் கறையில்தான் இருந்தது.

"அண்ணை," என்றேன், "காரைத் திருப்புங்கோ. அந்தக் கோயிலடிக் கிடங்குக்கும் போவம்."