டாக்டர் மேஜைக்கு நான் அடித்த பலகை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பெங்காலி தெரியாமல் கல்கத்தாவில் இறங்கியவன் நான். லேக் மார்க்கெட்டில் மெஸ் வைத்தேன், வீடு கட்டினேன், இரண்டு பெண்களைக் கரையேற்றினேன். இதையெல்லாம்விடப் பெரிதாக ஒன்று செய்தேன். அதைத்தான் யாரும் சொல்வதில்லை.

எழுபதுகளின் நடுவில் என் மெஸ்ஸுக்கு எதிரே ஒரு பெங்காலி டாக்டர் இருந்தார். ஒரே அறை. அவர் மேஜை, அதை ஒட்டியே நோயாளிகள் உட்காரும் பெஞ்சு. ஊரிலிருந்து புதிதாக வந்த நம்மவர்களுக்கு நான்தான் நடுவில் நின்று மொழிபெயர்ப்பேன். எனக்கு மெஸ்ஸில் கூவிப் பழகிய கடைக்குரல். ஒருவருடைய மூலமும் இன்னொருவருடைய வாயுவும் தெருமுனை வரை கேட்கும். டாக்டரும் என்னிடமே தமிழ் கற்றுக்கொண்டார், குரலையும் சேர்த்து.

ஒருநாள் எனக்கே வயிற்றெரிச்சல். பெஞ்சு நிறைய என் மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்கள். அதனால் டாக்டர் காதோடு பெங்காலியில் சொன்னேன். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, என்னைக் கௌரவப்படுத்துவதாக நினைத்துத் தமிழில் முழங்கினார்:

"அண்ணாச்சி, வயிறு புண்ணாப் போச்சு! இனிமே உங்க மெஸ் சாம்பார் சாப்பிடாதீங்க!"

மறுநாள் நறுக்கிய இலை நறுக்கியபடியே கிடந்தது. அந்த வாரம் முழுக்க அப்படித்தான். அடுப்பை அணைத்துவிட்டு ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அப்போது ஒரு பேங்க் ஆபீசர் வாசலில் தலையை நீட்டினார். "என்ன அண்ணாச்சி, உங்க சாம்பார் உங்களையே பதம் பாத்துடுச்சாமே?"

அவருடைய வியாதியை டாக்டருக்கு மொழிபெயர்த்தவனே நான்தான். எந்த இடத்தில் அரிப்பு என்பது வரை நாக்கு நுனியில் வந்து நின்றது. விழுங்கிவிட்டேன்.

"உள்ள வந்து உக்காருங்க சார்" என்றேன்.

என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். சிரிப்பு நின்றது. உட்கார்ந்து, சாம்பார் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் நண்பர்களையும் கூட்டி வந்தார். மெஸ் பிழைத்தது.

ஆபீசர் வந்து சாப்பிட்ட அன்று சாயங்காலமே பழைய கட்டில் பலகைகளைத் தூக்கிக்கொண்டுபோய், மேஜைக்கும் பெஞ்சுக்கும் நடுவே நிறுத்தி ஆணி அடித்தேன்.

"என்ன அண்ணாச்சி இது?"

"உங்க தமிழுக்கு ஒரு கதவு, டாக்டர் பாபு."

இன்று அங்கே கண்ணாடித் தடுப்பு போட்டிருக்கிறார்கள். டாக்டரின் மகன்தான் இப்போது அங்கே வைத்தியம் பார்க்கிறார்; "அப்பாவோட யோசனை" என்று எல்லோரிடமும் சொல்கிறாராம். ஒருத்தர் நோயை அடுத்தவர் காதுக்குப் போகாமல் காப்பதும் வைத்தியம்தான் என்று எனக்குப் புரிந்தது அன்றுதான். அதனால் நோயாளிகளின் சங்கதியை அந்த மகன் மெதுவாகவே பேசட்டும். முதல் பலகை அடித்தவன் நான் என்பதை மட்டும் பெஞ்சு முழுக்கக் கேட்கும்படி உரக்கச் சொல்லட்டும்.