விரதம் கலைந்த செவ்வாய்க்கிழமை

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாவது வரைதான் படித்தேன், பிழைகளும் இருக்கும். அம்மனின் பிள்ளைகள் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

என் மகள் கலைவாணி, அம்பத்தூரில் இணையதளம் செய்து கொடுக்கும் சின்ன கம்பெனியில் வேலை பார்க்கிறாள். போன ஆனி மாதம் ஒரு துணிக்கடையின் இணையதளம் அவள் கைக்கு வந்தது. ஆடித் தள்ளுபடிக்குள் திறந்தாக வேண்டும். கடைக்காரர் தினமும் புதிதாக ஏதாவது கேட்பார். கெடு மட்டும் தள்ளிப்போகாது. இவளும் எதற்கும் "முடிச்சிடறேன் சார்" என்பாள். முடியாது என்று சொல்ல வாய் வராது. அந்தச் சுபாவம் என்னிடமிருந்து வந்தது.

வீட்டிலிருந்தே வேலை. கோவில்பதாகையில் எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். சோறு ஆறிப்போகும். ஒரு நாள் காலை குழாயடியில் மயங்கி விழுந்தாள். டாக்டர் ஓய்வு வேண்டும் என்றார். "லீவு கேட்டா தூக்கிடுவாங்க நைனா" என்று அன்றைக்கும் உட்கார்ந்தாள். பாடியில் ஒரு தொழிற்சாலையில் போல்ட் பெட்டி கட்டுகிற நான் என்ன உதவி செய்ய முடியும்? அலுத்துப்போய்விட்டது. அழுகைகூட வரவில்லை.

செவ்வாய்தோறும் பேசாமல் விரதம் இருப்பதாக எங்கள் தெரு அம்மனிடம் வேண்டிக்கொண்டேன்.

"மத்த நாள்ல மட்டும் இன்னா பேசிக் கிழிச்சிட்ட?" என்றாள் என் மனைவி. நியாயம்தான்.

முதல் செவ்வாய், விரதத்துக்காக லீவு போட்டு வீட்டில் இருந்தேன். மதியம் மகள் மேசையிலேயே தூங்கிவிட்டாள். அவள் போன் அடித்தது. எழுப்ப மனமில்லாமல் நான் எடுத்தேன். மேனேஜர்.

"கலை, இன்னும் ரெண்டு பக்கம் சேர்க்கணும்" என்றார்.

தாயே என்று நினைத்தேன். வாய் தானாகத் திறந்தது.

"சார், நான் அவ நைனா. புள்ள மயங்கி வுந்துட்ச்சி சார். கேட்டா முடியும்னுதான் சொல்லும். நீங்க கேக்காதீங்க சார்."

"ஐயா, அவங்க இதைச் சொல்லவே இல்லையே" என்றார்.

மாலையே அவர் கடைக்காரரிடம் பேசினார். தள்ளுபடிக்கு வேண்டிய பக்கங்கள் முதலில், மற்றவை பிறகு என்று முடிவானது. கூட இன்னொரு ஆளையும் போட்டார். சொன்ன நாளில் இணையதளம் திறந்தது. மகள் அன்று முழுக்கத் தூங்கினாள்.

விரதம் கெட்டதே என்று பயந்து பூசாரியிடம் போனேன்.

"இன்னா அண்ணாத்தே நீ? ஒன் வாயத் தொறந்ததே அவதான். இதுக்குப் போய் பயந்துகினு கீற!" என்றார்.

இப்போது மகள் வேலையை ஏற்கும்போதே எத்தனை நாள் ஆகும் என்று சொல்லிவிடுகிறாள். எங்களுக்கு அலுப்பு முழுதும் தீரவில்லை. ஆனாலும் வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடுகிறோம். அம்மனுக்குக் கோடி நன்றி. பிள்ளைகளை நினைத்துத் தவிப்பவர்கள் அவளிடம் சொல்லுங்கள். பேச வேண்டிய இடத்தில் வார்த்தையை அவள் தருவாள்.

வெட்கத்தால் இத்தனை நாள் தள்ளிப்போட்டு, இதை எழுதி முடித்தது தை மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை.