கரடியூர் ஓடையும் தேவகியின் முட்டியும்

கரடியூருக்குக் கீழே ஓடையோரமாகக் கொஞ்சம் நிலம் வாங்கியபோது என் மனைவி தேவகி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வாசலில் உட்கார்ந்தபடி தண்ணீரில் கால் நனைக்க வேண்டும். பிறகு அவளுக்கு முட்டியில் அறுவை சிகிச்சை. படி ஏறி இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் தண்ணீரிலிருந்து நாலே அடி தள்ளிக் குடில் வரைந்தேன். கல் அஸ்திவாரம், மண்சுவர், மூங்கில் சட்டம், புல் கூரை. கரண்ட் கிடையாது, இரண்டு சோலார் விளக்கு. படத்தைப் பார்த்து நானே பூரித்துப்போனேன்.

போன தை மாதம் கிளம்பினோம். சேலத்தில் காலை ஆறரைக்குப் பஸ்; அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவு; ஏற்காட்டில் எட்டு மணி. அங்கிருந்து கரடியூருக்கு ஜீப், எழுநூறு ரூபாய். பேரம் பேசாதீர்கள், அந்த ரோட்டைப் பார்த்தபின் உங்களுக்கே மனசு வராது.

மண்சுவர் வேலை செய்யும் சின்னப்பொண்ணு நிலத்தில் காத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். படத்தைப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார். அங்கிருந்த மண்ணைப் பிசைந்து இரண்டு உருண்டை பிடித்து வெயிலில் காயவைத்தார். சாயங்காலம் ஒன்றை நான் குறித்த இடத்திலும், மற்றதை முப்பது அடி மேலே ஜீப் தடத்தை ஒட்டியும் தரையில் வைத்து, பனி படாமல் சட்டியைக் கவிழ்த்தார்.

மறுநாள் ஏழு மணிக்குப் போய்த் திறந்தோம். மேலே இருந்தது கல்லாட்டம் இருந்தது. கீழே இருந்தது கையில் எடுத்ததும் பிதுங்கியது.

"ஏனுங்க சார், தை மாசத்துலயே ஈரம் இப்படி ஏறுதுங்க. மழைக்குச் செவுரு நிக்குங்களா? ஊடு மேலதானுங்க."

"மேல கட்டினா இவ எப்படிம்மா இறங்குவா? இருபது படி வேணும். பேசாம கீழயே சிமெண்ட் போட்டுடலாம்," என்றேன். எனக்குக் கோபமே வந்துவிட்டது. தேவகி ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படி இருந்தால் அழுகையை அடக்குகிறாள் என்று அர்த்தம்.

சின்னப்பொண்ணு அவள் முட்டியைப் பார்த்தார். "அக்கா எதுக்குங்க எறங்கோணும்? மேல ஊத்து இருக்குதுங்க. காப்பி நாத்துக்குத் தண்ணி கட்டறாப்பல வாசலுக்குக் கட்டிட்டாப் போச்சுங்க."

உடனே மண்வெட்டியை எடுத்தார். ஊற்றிலிருந்து சரிவின் குறுக்கே ஒரு சாண் அகல வாய்க்கால், மேல் உருண்டை வைத்த இடத்தருகே கல் பதித்த சின்னத் தொட்டி, வழிகிற தண்ணீர் மறுபடி ஓடைக்கே. இரண்டு மணி நேரம் ஆனது. எனக்கு இது ஏன் தோன்றவில்லை என்று வெட்கமாக இருந்தது.

இப்படிக் கட்ட நினைப்பவர்களுக்கு: மழைக்கு முன்னால் போங்கள், தையிலிருந்து பங்குனி வரை நல்லது. மண் உருண்டை வைத்துப் பார்க்காமல் இடம் குறிக்காதீர்கள். ஊற்றுத் தண்ணீரில் சோப்பு வேண்டாம், கீழே குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். முக்கியமாக, படத்தை வீட்டிலேயே முடித்துக்கொண்டு வராதீர்கள்.

தேவகி தொட்டியோரக் கல்லில் உட்கார்ந்து காலை விட்டாள்.

"நொம்பச் சில்லுனு இருக்குதுங்களாக்கா?"

"இருக்கட்டும். எடுக்கச் சொல்லாதே."

சின்னப்பொண்ணு அவளை எழுப்பவில்லை. அவள் உட்கார்ந்திருந்த கல்லையே வாசற்படியாக வைத்து, அவளுக்குப் பின்னால் நாலு மூலைக்கும் முளைக்குச்சி அடித்தார். நான் படத்தைத் திருப்பி, வெறும் பக்கத்தில் முதலில் அந்தக் கல்லை வரைந்தேன்.