மிஸ்டு கால் கொடுக்காத ஞாயிறு

கொச்சிக்குப் போவது என்று முடிவானதும் எங்கள் வீட்டில் தலைகால் புரியாமல் ஆடியது பிள்ளைகள் அல்ல, நான்தான். ஆனைக்கரையிலிருந்து தினமும் பஸ் பிடித்துக் குமுளிக்குப் போய் ஏலக்காய்க் கடையில் நிற்கிறவள் நான். ஊர் சுற்ற வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை முற்றிவிட்டது. ஒரு தடவையாவது நாமும் அப்படி வாயைப் பிளந்துகொண்டு ஏதாவது ஒரு தெருவில் நடக்க வேண்டும். எனக்கொரு தொப்பி வாங்கினேன். வீட்டுக்காரருக்கு நீலத்தில் வெள்ளைப் பூப்போட்ட சட்டை வாங்கினேன்.

அவர் டாக்ஸி ஓட்டுகிறார், சொந்த வண்டி. சவாரிக்கு வருகிறவர்களை டிரைவர்கள் பாஷையில் 'பார்ட்டி' என்பார்கள். அந்தப் பார்ட்டிகளைக் கொச்சிக்கு எத்தனை முறை கொண்டுபோயிருப்பார் என்று அவருக்கே தெரியாது. ஆனால் அங்கே என்ன பார்க்கலாம் என்று கேட்டால், வண்டி நிறுத்த எங்கே நிழல் கிடைக்கும் என்றுதான் சொல்வார். உள்ளே போனதே இல்லை. கல்யாண ஆல்பத்தை விட்டால் அவருடைய படம் ஒவ்வொன்றிலும் பக்கத்தில் வண்டி நிற்கும். இந்த முறை அந்த மனிதரும் எங்களோடு சேர்ந்து ஊர் பார்க்க வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

சனிக்கிழமை விடியற்காலையில் வழக்கமான வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றார்.

"பூப்போட்டது என்னாச்சு?"

"ஸ்டியரிங்குல உக்காந்தா வெள்ளதான்டி சரியா இருக்கும்."

போகட்டும் என்று விட்டேன். குட்டிக்கானத்துப் பனியில் மகள் ஜன்னலைத் திறந்து கத்தினாள். சின்னவன் அவளைவிட உரக்கக் கத்தினான். நான் இருவரையும் அதட்டிவிட்டு நானும் ஒரு தடவை கத்தினேன்.

கொச்சியில் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு பெரிய ஓட்டலுக்குப் போனோம். வண்டியை நிறுத்திவிட்டு வருகிறேன் என்றார். மீன் குழம்பு வந்தது, பொரியல் வந்தது, அவர் வரவில்லை. தேடிக்கொண்டு பின்பக்கம் போனால், தகரக் கூரைக்குக் கீழே டிரைவர்கள் சாப்பிடும் மேஜையில் நாலு பேரோடு உட்கார்ந்து இரண்டாவது தடவையாகச் சோறு வாங்கிக்கொண்டிருக்கிறார்!

"என்னங்க, இங்கிட்டு என்ன பண்றீங்க?"

"வாசல்ல 'டிரைவரா'ன்னு கேட்டான், ஆமான்னேன். கொண்டாந்து உக்கார வச்சுட்டான்." அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பார்ட்டி கொண்டு வந்தா நமக்குச் சோறு சும்மாதானடி."

கோபம் சுர்ரென்று ஏறியது. அவர் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்த்து அதில் பாதி இறங்கியும் விட்டது.

மட்டாஞ்சேரி அரண்மனை வாசலில்தான் உச்சம். நானும் பிள்ளைகளும் இறங்கினோம். அவர் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, பழகிய குரலில், "நீங்க நிதானமாப் பாத்துட்டு வாங்க மேடம். நான் இங்கதான் நிப்பேன். கெளம்புறப்ப ஒரு மிஸ்டு கால் மட்டும் குடுங்க" என்றார்.

மேடம்! சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே சுவர் முழுக்க ராமாயணத்தை வரைந்து வைத்திருப்பதைப் பார்த்தபோது, இதைக் காட்ட அவர் பக்கத்தில் இல்லையே என்று அழுகை வந்துவிட்டது. வீம்புக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தேன். வெளியே வந்தால் அவர் வாசலில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, பின்கதவைத் திறந்து பிடித்திருந்தார். பக்கத்தில் ஒரு தேனிக்கார வேன் டிரைவர் நின்றிருந்தார்.

"இதுதான் உங்க பார்ட்டியாண்ணே?"

"ஆமாப்பா" என்றார் என் புருஷன்.

அன்று இரவு லாட்ஜில் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து வண்டிச் சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். காலையில் சட்டைப் பையைத் தடவினார், தலையணையைப் புரட்டினார். கடைசியில் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"வண்டிய இங்கயே விட்டுட்டா எப்படிடி?"

"அது எங்கயும் ஓடிப் போயிறாது. சட்டைய மாத்துங்க."

முணுமுணுத்துக்கொண்டே பூப்போட்டதை மாட்டினார். இடப்பள்ளியில் மெட்ரோ ஏறினோம். ரயில் வளைவில் திரும்பும்போதெல்லாம் அவருடைய வலது கால் தானாகத் தரையை அமுக்கியது. பிரேக் தேடுகிறது! கொஞ்ச நேரத்தில் கால் அடங்கியது. "ஏய், அந்த ரோட்டுலதான் நான் வர்றப்பல்லாம் ஜாம்ல கெடப்பேன்" என்று ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார். மொட்டை மாடிகளில் காயும் துணி, மரங்களின் உச்சி, கீழே நகராமல் நிற்கும் கார்கள் எல்லாவற்றையும் சின்னவனுக்கு முன்னால் அவரே காட்டிக்கொண்டு வந்தார்.

பிராட்வே சந்தையில் நான் மாட்டிக்கொண்டேன். ஒரு கடையில் ஏலக்காய் மூட்டையைப் பார்த்ததும் என் கை தானாக உள்ளே போய், வெடித்த காயைத் தனியே பொறுக்கி வைக்க ஆரம்பித்தது. கடைக்காரர் முறைத்தார். "மேடம், இது ஒங்க கட இல்ல" என்றார் என் வீட்டுக்காரர். நேற்றைக்குப் பழி வாங்கிவிட்டாராம்!

அப்புறம் ஃபோர்ட் கொச்சிக்குப் படகு. கண்ணாடி போட்ட, ஏ.சி. படகு. காயலின் நடுவில் ஒரு கப்பல் எங்களுக்குக் குறுக்கே போனது. "யம்மாடி! பாருங்கடா! எம்மாம் பெருசு!" படகே திரும்பிப் பார்த்தது. கத்தியது பிள்ளைகள் இல்லை, அவர். எழுந்து நின்று, இரண்டு கையையும் கண்ணாடியில் வைத்துக்கொண்டு கத்தினார். கப்பலை நான் பிறகுதான் பார்த்தேன். எனக்கு அப்போதே சந்தோஷம் நிறைந்துவிட்டது.

கரையில் சீன மீன்பிடி வலைகளுக்குப் பக்கத்தில் ஐஸ் சாப்பிட்டுக்கொண்டு நடந்தபோது, ஓரத்தில் நிறுத்தியிருந்த ஒரு வேனிலிருந்து குரல் வந்தது. நேற்றைய தேனிக்காரர்.

"என்னண்ணே, வண்டியக் காணோம்? பார்ட்டி எங்க?"

அவர் என்னைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். தன் சட்டையில் வழிந்த ஐஸையும் பார்த்தார்.

"இன்னைக்குப் பார்ட்டியே நாந்தான்ப்பா!"

சொல்லிவிட்டுத் தன் போனைத் தேனிக்காரர் கையில் கொடுத்தார். "எங்கள ஒரு படம் எடு. வல தெரியணும்." எத்தனையோ பேரை நிற்க வைத்துப் படம் எடுத்த மனிதருக்குத் தன் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கடைசியில் என் தோளில் போட்டார்.

அந்தப் படத்தில் அவர் கண்ணை மூடியிருக்கிறார், சின்னவன் வேறெங்கோ பார்க்கிறான், வலை பாதிதான் விழுந்திருக்கிறது. பிரேம் போட்டு மாட்டியிருக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு பக்கத்தில் வண்டி இல்லாமல் அவர் நிற்கிற முதல் படம் அது.