சுவரில் ஏறிய கோடுகள்

தோள் இறுகிப்போய்க் கத்தரிக்கோலைக்கூடத் தூக்க முடியாமலிருந்த அக்காவுக்கு, பிசியோதெரபிஸ்டான தம்பிதான் வைத்தியம் பார்த்தான். அவள் விரல்களைச் சுவரில் மேல்நோக்கி நடக்கவிட்டு, எட்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போடுவான். வலி குறையக் குறையக் கோடு மேலே ஏறியது.

கை தலைக்கு மேலே போன அன்றே தான் வேலை பார்த்த தையல்கடைக்கு ஓடினாள். அவளுடைய வெட்டுமேசை முன்னால் வேறொருத்தி நின்று துணி வெட்டிக்கொண்டிருந்தாள்.

“கை இனி தேறாதுன்னு உங்க தம்பிதானேம்மா போன மாசம் சொன்னாரு?” என்றார் முதலாளி.

வீட்டில் தம்பி தலைகுனிந்தான். “இனிமேலாவது நீ உட்கார்ந்து சாப்பிடணும்னுதான்க்கா...”

“தினமும் கோடு போட்டவனே நீதானேடா! கைராசிக்காரன்னு ஊரெல்லாம் உன்னைப் பீத்திக்கிட்டேனே.”

ஈரத்துணியால் கோடுகளைத் துடைத்தாள். உச்சிக் கோடுவரை கை வலிக்காமல் போனது.