அத்தை உட்கார்ந்த பக்கம்

பிரேக் மிதித்தால் எங்கள் வீட்டுக் கார் இடது பக்கமாக இழுக்க ஆரம்பித்தது ஒரு மழைக்காலம் முடிந்த கையோடு. கொஞ்ச நாள் அது யாருக்கும் தெரியவில்லை. தெரிந்த பிறகு ஆளுக்கொரு காரணமும் தெரிந்துவிட்டது.

எங்கள் வீட்டுக் கார் என்பது பேச்சுக்குத்தான். அது என் மாமனாருடையது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்சன் வாங்குகிறவர். ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருவில் ‘சொல்தா வீடு’, அதாவது சிப்பாய் வீடு, என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். கண்ணில் புரை எடுத்த பிறகு அவர் கார் ஓட்டுவதை விட்டுவிட்டார். விட்டது ஸ்டியரிங்கை மட்டும்தான். முன் இருக்கையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, எப்போது கியர் மாற்ற வேண்டும், எந்த ஆட்டோவை நம்பக்கூடாது என்று சொல்லிக்கொண்டே வருவார். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார், அவர் வீட்டு மாடியில் குடியிருக்கும் மருமகன். எதிர்த்துப் பேசாமலிருக்க இதில் ஒரு காரணமே போதும்.

கார் என் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. கதவோரங்களில் கடல்காற்று வேலையைக் காட்டியிருந்தது. மாமாவைப் பொறுத்தவரை அது இன்னும் புது வண்டி.

வில்லியனூர்ப் பக்கம் போகும் பெரிய ரோட்டில், வழக்கமாகப் போகும் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். வாய் ஓயாத மனிதர். நான் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது.

“எடது பக்கம் இழுக்குதுன்னா எடது பக்கம்தான் கோளாறு. இதுல இன்னா சார் யோசிக்கிறதுக்கு?”

இடது முன் சக்கரத்தைக் கழற்றினார். சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் பேடுகள் இரண்டும் தேய்ந்து காகிதமாகியிருந்தன. “பாத்தீங்களா?” என்றார். பார்த்தேன். வலது சக்கரத்தைக் கழற்றவில்லை. குனிந்து, சக்கரத்தின் இடுக்கு வழியாக டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “ரைட்டு புதுசு மாதிரி இருக்கு” என்று நற்சான்று கொடுத்தார். இடது பக்கத்துக்கு மட்டும் புதுப் பேடு போட்டார். வண்டி முன்னைவிட நன்றாக இடது பக்கம் இழுத்தது.

கோடை வருவதற்குள் புதுப் பேடுகளும் தேய்ந்துபோயின. மறுபடியும் இடதுக்கு மட்டும் புதுசு போட்ட மெக்கானிக், இந்தத் தடவை என் காலைச் சந்தேகப்பட்டார். “நீங்க பிரேக்க ரொம்ப மிதிக்கிறீங்க சார்.” ரொம்ப மிதித்தால் ஒரு பக்கம் மட்டும் எப்படித் தேயும் என்று கேட்க நினைத்தேன். கூட வந்திருந்த மாமா முந்திக்கொண்டார்.

“ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க. ராணுவத்துல நான் கமியோன் ஓட்டுனவன். கமியோன்னா லாரி. லோடு ஒரு பக்கமா ஏத்துனா வண்டி அந்தப் பக்கம்தான் போவும். இதுல லோடு எங்க இருக்குன்னு பாக்கணும்.”

பின் இருக்கையில் இடது பக்கம் என் மாமியார் உட்கார்ந்திருந்தார். அத்தை கொஞ்சம் பருமனானவர். மாதா கோவில் வாசலில் இடது பக்கமாக இறங்குவது சுலபம் என்பதால் எத்தனையோ வருடமாக அவருக்கு அந்த இடம்தான். மாமா திரும்பிப் பார்த்தார். மெக்கானிக்கும் பார்த்தார். நான் ஸ்டியரிங்கைப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு பூசைக்குக் கிளம்பும்போது அத்தையை வலது பக்கம் மாறி உட்காரச் சொன்னார் மாமா. ஒரு பரிசோதனைக்காகத்தான் என்றார். அத்தை மாறி உட்கார்ந்தார். வண்டி இடது பக்கம்தான் போனது.

“பழகிடுச்சு,” என்றார் மாமா. “அத்தன வருஷமா ஒரே பக்கம் உக்காந்தா ஸ்பிரிங்கு அந்தப் பக்கம் படிஞ்சிடும். அலோர், அப்படின்னா உடனே மாறுமா?”

என் மனைவிதான் கேட்டாள். அவள் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பாவிடம் பயம் கிடையாது.

“ஏம்ப்பா, நீ எந்தப் பக்கம் உக்காந்திருக்க?”

மாமா தன் இருக்கையைப் பார்த்துக்கொண்டார். முன் இருக்கை, இடது பக்கம். அவரும் ஒல்லி இல்லை. “முன்னாடி உக்கார்றது வேற கணக்கு” என்று சொல்லி ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

இதோடு போயிருக்கலாம். உறவில் ஒரு பையனுக்குப் கோவிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுத்த அன்று விருந்துக்குப் போயிருந்தோம். பிரான்சிலிருந்து வந்திருந்த சொந்தக்காரர்கள் கார் எப்படி ஓடுகிறது என்று மாமாவிடம் விசாரித்தார்கள். மாமா ராணுவ லாரியில் ஆரம்பித்து எங்கள் காருக்கு வந்து, கடைசியில் அத்தையின் எடைக்கு வந்து சேர்ந்தார். கையை ஒரு பக்கம் சாய்த்து நடித்தும் காட்டினார். பந்தியே சிரித்தது. அத்தையும் லேசாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இலையை மூடிவிட்டு எழுந்தார். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

அன்றிலிருந்து அத்தை காரில் ஏறவில்லை.

சண்டை போடவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. ஞாயிறு காலையில் குடையை எடுத்துக்கொண்டு, நாங்கள் கிளம்புவதற்கு முன்பே தெருவில் இறங்கி நடந்தார். மாமாவுக்கு முதல் வாரம் அது புரியவில்லை. இரண்டாவது வாரம் தெருவே பார்க்கிறது என்பது புரிந்தது. “மாப்ள, வண்டிய எடுங்க” என்றார்.

அத்தையைப் பிடித்துவிட்டோம். அத்தை ரோட்டின் இடது ஓரமாக நடந்துகொண்டிருந்தார். நான் நடை வேகத்தில் பக்கத்திலேயே ஓட்டினேன். மாமா தலையை வெளியே நீட்டி, “ஏறும்மா, வெயிலா இருக்குது” என்றார்.

“நான் ஏறுனா வண்டி கெட்டுடும்.”

“யாரு சொன்னா?”

“நீங்கதான் சொன்னீங்க. எல்லாரும் கேட்டாங்க.”

அத்தை நின்றால் நான் பிரேக் மிதிக்க வேண்டும், நடந்தால் விட வேண்டும். ஒவ்வொரு முறை மிதித்தபோதும் கார் அத்தை இருந்த பக்கமாகவே சாய்ந்தது. மூன்றாவது முறையோ நான்காவது முறையோ, பால் பூத்தில் நின்றிருந்த ஒருவர் ஓடிவந்து பானட்டில் தட்டினார். “யோவ், அந்தம்மா மேல ஏத்திடப் போற!” மாமா தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அத்தை அந்த மனிதருக்கு வணக்கம் சொல்லிவிட்டுக் கோவிலை நோக்கி நடந்தார்.

மாதக்கணக்கில் இப்படியே போனது. நடந்து சலித்த பிறகு அத்தை ஷேர் ஆட்டோவுக்கு மாறினார். ஆட்டோவில் அவருக்கு ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது என்று மனைவி சொன்னாள். வீட்டில் எங்கள் யாரிடமும் சொல்லாத விஷயங்களை அங்கே சொல்கிறாராம். மாமா காரில் என்னோடு தனியாகப் போய்வந்தார். காரில் ஏறுகிற எடை பாதியாகக் குறைந்திருந்தும் இழுப்பு குறையவில்லை. அதை நான் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை நானும் மனைவியும் மட்டும் மீன் வாங்கக் குருசுக்குப்பம் போனோம். குப்பத்துக்குள் திரும்பும் இடத்தில் ஐஸ் பெட்டி ஏற்றிய டூவீலர் ஒன்று குறுக்கே வந்தது. முழுப் பலத்தோடு மிதித்தேன். டூவீலர் தப்பியது. கார் இடது பக்கம் வெட்டிக்கொண்டு போய், மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கூடைக்கு முன்னால் நின்றது. நடுவில் ஒரு முழம்கூட இருக்காது. அந்தப் பெண் கூடையை ஒருமுறையும் என்னை ஒருமுறையும் பார்த்தார்.

“இன்னாய்யா, மீனு வேணும்னா எறங்கி வந்து கேளேன்!”

கேட்டோம். அவர் சொன்ன விலைக்கே வாங்கினோம்.

காருக்குத் திரும்பியதும் மனைவி சொன்னாள், “அம்மா வண்டியில இல்ல. அப்பா இல்ல. எடது பக்கத்துல நான்தான் இருக்கேன். நான் அவ்ளோ கனமா?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமலிருக்க எனக்குத் தெரியும்.

“வீட்டுக்குப் போவ வேணாம். நோணாங்குப்பம் வரைக்கும் ஓட்டுங்க. வழியில பத்திரமான எடமாப் பாத்து மிதிச்சி மிதிச்சி வாங்க.”

அவள் சொன்னபடி ஓட்டினேன். படகுத்துறைக்கு வெளியே நிறுத்தச் சொன்னாள். இறங்கி, முன் சக்கரங்களின் பக்கம் ஒவ்வொன்றாகக் குனிந்து, இரும்பைத் தொடாமல் உள்ளங்கையைக் கிட்டே வைத்துப் பார்த்தாள். வார்டில் காய்ச்சல் பார்க்கிற அதே முகம். படகுக்கு டிக்கெட் எடுக்க நின்றவர்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள்.

“இங்க வாங்க. எடது பக்கம் கைய வைக்க முடியல, அனலா அடிக்குது. வலது பக்கம் சும்மா வெதுவெதுன்னு இருக்குது.”

“அப்போ எடதுலதானே கோளாறு?”

“அது ஓடி ஓடி வேல செய்யுது, அதனால கொதிக்குது. இது கைய கட்டிக்கிட்டு நிக்குது. வேல செய்யிறவனத்தான் நாம இவ்ளோ நாளா படுக்க வச்சி வைத்தியம் பாத்திருக்கோம்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு பக்கமும் சமமாகப் பிடித்தால் வண்டி நேராக நிற்கும். வலது பக்கம் பிடிக்காவிட்டால், பிடிக்கிற இடது பக்கம் வண்டியைத் தன்னிடம் இழுக்கத்தான் செய்யும். பேடு தேய்ந்துபோவதும் அந்தப் பக்கம்தான்.

திங்கட்கிழமை மெக்கானிக்கிடம் போனபோது மாமாவும் கூடவே வந்து, பிளாஸ்டிக் நாற்காலியைச் சக்கரத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். வலது சக்கரத்தைக் கழற்ற வேண்டும் என்று மனைவி சொன்னதும் மெக்கானிக் சிரித்தார்.

“அது புதுசு மாதிரி இருக்கு மேடம். நானே பாத்தேன்.”

“எங்கேர்ந்து பாத்தீங்க?”

“வெளியேர்ந்துதான்.”

“உள்ள இருக்கிறது வெளியேர்ந்து தெரியுமா?”

கழற்றினார். வெளிப்பக்கப் பேடு அவர் சொன்னபடியே புதிதாகத்தான் இருந்தது. கண்ணாடி மாதிரி பளபளத்தது. இத்தனை நாளும் அது தட்டைச் சரியாகத் தொடவே இல்லை. வெளியிலிருந்து டார்ச் அடித்தால் தெரிவதும் அது ஒன்றுதான். உள்பக்கப் பேடு சாய்வாகத் தேய்ந்திருந்தது. மேல் ஓரம் பிஸ்கட் கனத்தில், கீழ் ஓரம் தகடு தெரிகிற அளவில்.

மெக்கானிக் அதைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “நான் அப்பவே நெனச்சேன் சார்” என்றார்.

மாமா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “வொலா! பாத்தீங்களா, சாஞ்சி இருக்குதா இல்லியா? லோடு சாஞ்சிருக்குன்னு நான் சொன்னேனே!”

மனைவி இருவரையும் பார்த்து, “ஏன் சாஞ்சிருக்குன்னு பாருங்க” என்றாள்.

பார்க்க ஆரம்பித்ததும் மெக்கானிக்கின் கை அவருடைய வாயைவிட நல்ல வேலைக்காரன் என்று தெரிந்தது. பேடுகளைப் பிடித்திருக்கும் கேலிப்பர் என்ற கவ்வி, இரண்டு இரும்புக் கம்பிப் பின்களின் மேல் உள்ளும் வெளியும் நகர வேண்டும். அப்போதுதான் இரண்டு பேடும் ஒன்றாகக் கவ்வும். மேல் பின் விரலால் தள்ளியதும் நகர்ந்தது. கீழ் பின் அசையவில்லை. அதை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து, மழைக்காலத்தில் தெருவில் தேங்கிய தண்ணீர் உள்ளே போய்த் துருப்பிடித்து இறுகியிருந்தது. துரு இளக்கும் எண்ணெயை விட்டு, சூடு காட்டி, ஸ்பேனரைப் போட்டு இப்படியும் அப்படியும் திருகினார். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது பழுப்புத் தூளோடு கிறீச்சென்று வந்தது.

துளையைச் சுத்தம் செய்தார். உப்புத்தாள் போட்டுப் பார்த்தும் பின் தேறவில்லை, பள்ளம் விழுந்திருந்தது. புதுப் பின்னும் புது ரப்பர் உறைகளும் வாங்கிவரச் சொன்னார். மாமா பக்கத்திலிருந்த கிரீஸ் டப்பாவை எடுத்து நீட்டியபோது மெக்கானிக் வாங்கவில்லை. “சாதா கிரீஸ் போட்டா ரப்பர் ஊதிக்கும் சார், மறுபடியும் பின்னு மாட்டிக்கும். இதுக்குன்னு தனியா இருக்குது.” இடது பின்களையும் இழுத்துப் பார்த்து, துடைத்து, அதே கிரீஸைத் தடவினார். பேடுகளை இந்தத் தடவை இரண்டு பக்கமும் புதிதாகப் போட்டார். சக்கரங்களை மாட்டிய பிறகு, வண்டியை நகர்த்துவதற்கு முன் பிரேக்கைப் பலமுறை மிதித்து, கெட்டியாகும் வரை விடவில்லை.

ஊர்ந்து போகிற வேகத்தில் முதலில் மிதித்தேன். பிறகு காலியான ரோட்டில் கொஞ்சம் வேகமெடுத்து, ஸ்டியரிங்கில் விரல் மட்டும் வைத்துக்கொண்டு மிதித்தேன். கார் நேராக நின்றது. மாமாவுக்குத் தன் கொள்கை இவ்வளவு சுத்தமாக நின்றுபோனதில் வருத்தம் இருந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அவர் நேராகச் சமையலறை வாசலுக்குப் போனார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்து நான் மாடிப்படியில் நின்றுவிட்டேன்.

“பிரேக்கு சரியாயிடுச்சு.”

“சரி.”

“வலது பக்கத்துல ஒரு பின்னு. துருப்பிடிச்சிருந்துச்சு.”

“சரி.”

“உன்னால இல்ல.”

அத்தை அடுப்பைத் தணித்துவிட்டு அவரைப் பார்த்தார். “அது எனக்குத் தெரியும். பந்தியில உக்காந்திருந்தவங்களுக்கு யாரு சொல்றது?”

மாமா வெளியே வந்து நின்றார். பிறகு உள்ளே போய் போனை எடுத்தார். பிரான்சுக்கு ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டு, பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலும் பேசினார். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினார். அவர் சொன்ன கதையில் கோளாறைக் கண்டுபிடித்தது அவர்தான். ஆனால் ஒவ்வொரு போனிலும், “என் பொஞ்சாதி மேல தப்பில்ல, நான்தான் தெரியாம பேசிட்டேன்” என்ற வரி வந்தது. அத்தை வெங்காயம் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். கண்டுபிடித்தது யார் என்ற விஷயத்தில் திருத்தம் எதுவும் சொல்லவில்லை. மகளும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் அத்தை ஷேர் ஆட்டோவில்தான் போனார். கோபம் இல்லை, ஆட்டோவில் பேச ஆள் இருக்கிறது என்றார். ஒரு ஞாயிறு விடியும்போதே நல்ல மழை. ஆட்டோ எதுவும் வரவில்லை. நான் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். மாமா வழக்கம்போல முன் கதவைத் திறந்தார். அத்தை குடையை மடக்கி அவர் கையில் கொடுத்துவிட்டு, அந்தக் கதவு வழியாக ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தார். மாமா மழையில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார்.

அத்தைக்கு பெல்ட் போடத் தெரியவில்லை. இழுத்து மாட்டிவிட்டேன். நெஞ்சுக்குக் குறுக்கே இறுகிய பட்டையை விரலால் தளர்த்திப் பார்த்தார்.

“இன்னா மாப்ள, மூச்சே விட முடியல. இத மாட்டிக்கிட்டுதான் இவரு அவ்ளோ பேசிக்கிட்டு வருவாரா?”