லீவுக்கு வந்த மலைப்பாம்பு

வளைகுடாவில் மிருக ஆஸ்பத்திரி போர்டிங்கில் வேலை என்றால், ஊரே லீவுக்குக் கிளம்புகிற ஜூலை மாதத்தில் நமக்கு லீவு கிடையாது என்று அர்த்தம். அவர்கள் பெட்டி கட்டுவார்கள். அவர்களுடைய பூனையும் கிளியும் நம் தலையில் வந்து விழும். ஈசா டவுனில் அப்படி ஒரு ஆஸ்பத்திரியில்தான் எனக்கு டூட்டி. பெயர் மேரி, ஊர் குளச்சல் பக்கம். நீல யூனிஃபார்மைப் பார்த்துவிட்டு வருகிறவர்களெல்லாம் 'சிஸ்டர்' என்பார்கள். நர்ஸ் இல்லை, கூண்டு கழுவுகிறவள் என்று திருத்தித் திருத்தி ஓய்ந்துவிட்டேன். பிடிக்காத வேலையை முகத்தில் காட்டாமல் செய்கிறவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். பயப்படுகிற வேலையை அப்படிச் செய்கிறவர்களும் இருந்தால், வாருங்கள், சேர்ந்து உட்காருவோம்.

டப்பாவில் வந்தது

கோகுல் சார் சென்னைக்காரர், பேங்கில் கம்ப்யூட்டர் வேலை. முதல் வருஷம் அவர் கவுண்டரில் வைத்தது ஒரு பிளாஸ்டிக் டப்பா, மூடியில் ஊசி ஊசியாகத் துளை. பெண்கள் போடும் பெல்ட் எதையோ சுருட்டி வைத்திருக்கிறார் என்று நினைத்து மூடியைத் திறந்தேன். பெல்ட் தலையைத் தூக்கியது. மூடி எங்கே விழுந்தது, நான் எப்படிப் பூனை உணவு மூட்டைகளுக்குப் பின்னால் போனேன் என்று இன்றுவரை தெரியாது.

பர்மா மலைப்பாம்பாம். பெயர் பட்டு. அவர் மனைவி வித்யா, கைக்குழந்தையோடு காரிலேயே உட்கார்ந்திருந்தாள். எங்கள் டாக்டர் எகிப்துக்காரர், எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர். பார்த்துவிட்டு, இந்த ஜாதி ஒரு கட்டிலை விட நீளமாகப் போகும் என்று சொன்னார். கோகுல் சார் சிரித்தார். டாக்டர் உள்ளே போனதும் என்னிடம் ரகசியம் போலச் சொன்னார்: "இது ஒரு முழத்துக்கு மேல வளராது சிஸ்டர், கடைக்காரனே கியாரண்டி குடுத்திருக்கான்."

கை வாசனை

அடுத்த வருஷம் டப்பா போய்க் கண்ணாடித் தொட்டி வந்தது. தொட்டியோடு ஒரு சூட்டு விளக்கு. பூனைகளுக்கு ஏசி குளிர வேண்டும், பட்டுவுக்கு வெயில் வேண்டும் என்று பின் அறையைத் தனியாக ஒழித்துக் கொடுத்தோம். சாப்பாடு, ஃப்ரீஸரில் உறைந்த எலி. அதை வெந்நீரில் இளக்கி, நீள இடுக்கியில் பிடித்துக் காட்டினால் ஒரே பாய்ச்சல். வாய் கவ்வுவதும் உடம்பு சுற்றுவதும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாது.

ஒருநாள் எலியை இளக்கி வைத்துவிட்டு, அதற்குள் தண்ணீர்ச் சட்டியை மாற்றிவிடலாம் என்று தொட்டிக்குள் கையை விட்டேன். பட்டு கழுத்தை 'எஸ்' மாதிரி வளைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. எனக்கும் அசைவு நின்றுவிட்டது. மாதா ஜெபத்தில் பாதிதான் ஞாபகம் வந்தது. அப்போது உள்ளே வந்தான் ரூபன். மன்னார்ப் பையன், என்னோடு டூட்டி பார்க்கிறவன். சத்தம் போடாமல் வளைந்த கம்பியை எடுத்து அதன் மூக்கை மெல்லத் தள்ளினான். கம்பி பட்டால் இது சாப்பாட்டு நேரம் இல்லை என்று அதற்குப் புரியுமாம். தலை தாழ்ந்தது. நான் கையை உருவிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவன் ஆறுதல் சொன்ன லட்சணத்தைக் கேளுங்கள்: "பயப்பிடாதேங்கோ அக்கா, அது உங்களில கோவமில்ல, உங்கட கையை எலியெண்டு நினைச்சிட்டுது."

சூடான டவல்

அதே கோடையில் ஒரு காலை, தொட்டி காலி. கண்ணாடிக் கதவு இரண்டு விரல் அகலம் நகர்ந்திருந்தது. அந்த இடைவெளியில் என் மணிக்கட்டு கூட நுழையாது. ஆஸ்பத்திரியை மூடினோம், பூனைகளை எண்ணினோம், ஒன்றும் குறையவில்லை. ரூபன் கூரைக்கு மேலே தேடினான், டாக்டர் அலமாரிக்குக் கீழே தேடினார். நான் பயத்தில் நாற்காலி மேல் ஏறி நின்று தேடினேன்.

எவ்வளவு நேரம்தான் நாற்காலி மேல் நிற்பது? இறங்கி, கைக்கு வேலையாவது கொடுப்போம் என்று துணி உலர்த்தும் மெஷினுக்குப் போனேன். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே சூடாக இருந்த டவல்களை ஒரு கை அள்ளினேன். ஒரு டவல் மட்டும் வழுவழுவென்று, கனமாக இருந்தது. அள்ளியதைக் கீழே போட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினேன். டாக்டரும் ரூபனும் அதை வால் பக்கத்திலிருந்து பிரித்து எடுத்துத் தொட்டியில் விட்டு, கதவுக்குப் பூட்டு போட்டார்கள். திரும்பி வந்த டாக்டர் என் முகத்தைப் பார்த்தார், கீழே கிடந்த துணியைப் பார்த்தார், ஒன்றும் பிரச்சினையில்லை என்று அரபியில் ஆரம்பித்தார்: "மாஃபி முஷ்கிலா, மேரி. டவலை மட்டும் இன்னொரு தடவை துவைச்சிடு."

நிலாவின் தம்பி

மூன்றாவது வருஷம் பட்டு வந்தது மரப்பெட்டியில். தூக்கி வந்தது கோகுல் சாரும் கட்டிட வாட்ச்மேனும். பெட்டியிலிருந்து எடுத்து உள்ளே விட மூன்று பேர் பிடித்தோம்; தலை டாக்டருக்கு, நடு ரூபனுக்கு, வால் எனக்கு. வால்தானே என்று நினைக்காதீர்கள். அது என் கையைச் சுற்றி இறுக்கியபோது விரல் நுனியெல்லாம் வெளுத்துப் போயிற்று.

இந்த முறை வித்யாவும் உள்ளே வந்திருந்தாள். முன்பு கைக்குழந்தையாக இருந்த நிலா இப்போது ஓடுகிற வயசு. அவள் பெட்டியைத் தட்டி முத்தம் கொடுத்தாள். கோகுல் சார் போட்டோ எடுத்தார். வித்யாவும் சிரித்துக்கொண்டு போஸ் கொடுத்தாள், ஆனால் பிள்ளையின் ஃபிராக்கைப் பின்னாலிருந்து விடாமல் பிடித்திருந்தாள். பட்டு வீட்டில் எங்கே இருக்கும் என்று நிலாவிடம் கேட்டேன். கேட்காமலேயே இருந்திருக்கலாம். "ஹி இஸ் மை பேபி பிரதர், ஆன்ட்டி. ஹி ஸ்லீப்ஸ் இன் மை ரூம்."

சென்னையிலிருந்து போன்

அன்றிலிருந்து எனக்கு என் பயம் மறந்து, அந்தப் பிள்ளையைப் பற்றிய பயம் பிடித்துக்கொண்டது. டாக்டரும் கோகுல் சாரிடம் பிள்ளை இருக்கும் வீட்டில் இது ஆகாது என்று கண்டிப்பாகச் சொல்லிப் பார்த்தார். எங்க வீட்டில் எல்லாருக்கும் அது உயிர் என்று அவர் பதில் சொல்லிவிட்டுப் பிளைட் ஏறிவிட்டார்.

ஆகஸ்டில் வித்யா போன் செய்தாள். பக்கத்தில் யாரும் இல்லையே என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். பட்டுவுக்கு நல்ல சூடு இருப்பது நிலாவின் அறையில்தான் என்று தொட்டியை அங்கே வைத்தார்களாம். அன்றிலிருந்து பிள்ளையைத் தன் பக்கத்தில் போட்டுக்கொள்கிறாள். ராத்திரி எழுந்து எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறாள். கனவில்கூட தொட்டி காலியாகத்தான் இருக்கிறதாம். புருஷனிடம் சொல்லக்கூடாதா என்றேன். நான் பிரசவத்துக்கு ஊருக்குப் போய் அவர் தனியாக இருந்த காலத்தில் அவருக்கு அதுதான் துணை, எப்படிப் பிரிப்பது என்றாள். பிறகு சொன்னாள்: "அவர் என்னை விட முன்னாடி திரும்பி வர்றார் சிஸ்டர். பட்டு செத்துப்போச்சுன்னு சொல்லிடுங்க, பாவம் என்னோட போகட்டும்."

கோகுல் சார் வந்த நாள்

பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை என்று சொன்னால் அதுவே ஒரு பொய். ஆனால் பாம்புக்காகப் பொய் சொன்னதில்லை. டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். பாம்பு இங்கேயே இருக்கட்டும், அனுமதியுள்ள பண்ணை ஒன்றில் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். துக்க முகத்தோடு எப்படிப் பேசுவது என்று கண்ணாடி முன்னால் ஒத்திகையும் பார்த்தேன்.

கோகுல் சார் தனியாக வந்தார். நான் வாயைத் திறக்கும் முன்னே, உட்கார்ந்து பேசலாமா என்று கேட்டார். லீவுக்குக் கிளம்பும் வாரம், வித்யா கடைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், தொட்டியைச் சுத்தம் செய்யத் தனியாகப் பட்டுவை வெளியே எடுத்தாராம். அது தோளில் ஏறிக் கழுத்தைச் சுற்றியது. விளையாட்டு என்றுதான் நினைத்தார். பிரிக்கப் பார்த்தபோது கைக்கு அசையவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நிலா, "அப்பா, ஓப்பன்" என்று தட்டிக்கொண்டே இருந்தாளாம். கூப்பிட மூச்சில்லை. கூப்பிட்டிருந்தாலும் எப்படியாவது தள்ளித் திறந்துகொண்டு வருவது அந்தக் குழந்தைதான். அதனால் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாராம். கடைசியில் அதுவாகத்தான் தளர்ந்தது.

சொல்லி முடித்ததும் அந்தப் பெரிய மனுஷன் கவுண்டரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது; ஒத்திகை பார்த்த அழுகை இல்லை அது. இதை வீட்டில் சொன்னீர்களா என்று கேட்டேன். இல்லை, அவங்களுக்கு அது உயிராச்சே என்று தலையசைத்தார். "அது செத்துப்போச்சுன்னு நீங்களே போன் பண்ணி வித்யாகிட்ட சொல்லிடுங்க சிஸ்டர். ரொம்ப அழுவா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

ஆகக்கூடி, செத்துப்போன பட்டுவுக்காக ஒருவரை ஒருவர் தேற்றிக்கொண்டு அந்த வீட்டில் எல்லாரும் நிம்மதியாகத் தூங்க, பண்ணைக்காரன் இன்று வருகிறேன் நாளை வருகிறேன் என்று இழுத்தடிக்கும் வரைக்கும், தினமும் காலையில் கம்பியும் கையுமாக அந்தப் பின் அறைக் கதவைத் திறப்பது நான்.